அரைமனது கரை சேராது

(கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)

தோட்டத்து மண் காலில் ஒட்டியபடியே வந்து அமர்ந்திருக்கும் கமக்காரத் தோழர்களே! கந்தோரிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் வந்திருக்கும் அன்பர்களே!

முழுமனதோடு முயன்றால் வெற்றி கிட்டும் என்பது நாம் பாலர் வகுப்பிலே கற்ற பாடம். ஆனால், முழுமனது என்பது யாது? மேடையேறி முழங்குவதா? தீர்மானம் நிறைவேற்றிக் கைதட்டிக் கலைவதா? ஒருநாள் கடையடைத்து மறுநாள் அதனை மறந்துவிடுவதா? இக்கேள்விக்கு விடை தேடி நாம் ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. இரணைதீவு மக்கள் அவ்விடையைத் தம் வாழ்விலே எழுதிக் காட்டியுள்ளனர்.

கிளிநொச்சி மாவட்டத்துப் பூநகரிப் பிரிவைச் சேர்ந்தது இரணைதீவு. கடலையும் தென்னையையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்த அம்மக்கள் 1992ஆம் ஆண்டிலே இடம்பெயர்ந்தனர். போர் 2009இல் முடிந்தது. ஆயினும் தீவு திரும்பவில்லை. அங்கே கடற்படை நிலைகொண்டிருந்தது. எதிர்க்கரையிலுள்ள இரணைமாதா நகரிலே இருந்துகொண்டு, தாம் பிறந்த மண்ணைப் பார்த்துப் பெருமூச்செறிந்தனர் மக்கள். மனுக் கொடுத்தனர், வாக்குறுதி பெற்றனர், ஆண்டுகள் உருண்டன.

2017ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் தேதி அவர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். தாய்மாரே அதன் முன்னணியில் நின்றனர். வெயில் வந்தது, மழை வந்தது, பத்திரிகைக்காரர் வந்தனர், போயினர், அரசியல்வாதிகள் வந்தனர், போயினர். மக்கள் மட்டும் போகவில்லை! ஓராண்டு நிறைவதற்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்தபோது, 2018ஆம் ஆண்டு ஏப்பிரல் 23ஆந் தேதி, வள்ளங்களிலே வெள்ளைக் கொடிகளைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கானோர் கடலைக் கடந்து தீவில் இறங்கினர். தம் தேவாலயத்திலே வழிபட்டனர். இனித் திரும்பிப் போவதில்லை என்று அங்கேயே தங்கினர். அடுத்த மாதமே அரச அதிகாரிகள் தீவுக்குச் சென்று, மக்கள் அங்கு வாழ்வதற்கு இணங்க வேண்டியதாயிற்று.

அம்மக்களிடம் பணபலம் இருந்ததா? இல்லை. பதவிபலம் இருந்ததா? அதுவும் இல்லை. ஒரே கோரிக்கை இருந்தது. அதனை நாள்தோறும் கேட்கின்ற உறுதி இருந்தது. கேட்டுப் பயனில்லை என்று கண்டபோது, ஒருவரையும் நோகச் செய்யாது தாமே செயலில் இறங்கும் துணிவு இருந்தது. அதுவே முழுமனது.

முல்லைத்தீவு மாவட்டத்துக் கேப்பாப்புலவிலே, பிலக்குடியிருப்பு மக்கள் 2017 சனவரி 31ஆந் தேதி விமானப்படை முகாமின் முன்னே அமர்ந்தனர். குழந்தைகளையும் முதியோரையும் உடன்வைத்துக்கொண்டு, இரவு பகலாக அங்கேயே உண்டு உறங்கினர். மார்ச்சு முதலாந் தேதி அவர்களுடைய காணி அவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆண்டுக்கணக்கான மனுக்களால் ஆகாதது ஒரு மாத விழிப்பால் ஆயிற்று.

அவ்வாறாயின், முயற்சி யாவும் வெற்றி பெறுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் சட்டம் படித்தவர்கள். சான்றில்லாத உறுதிமொழியை உங்களுக்கு அளிக்கமாட்டோம். 1961ஆம் ஆண்டு பெப்ருவரி 20ஆந் தேதி யாழ்ப்பாணக் கச்சேரி முன்றலிலே தொடங்கிய சத்தியாக்கிரகம், வாரக்கணக்கில் நிருவாகத்தையே நிலைகுலையச் செய்தது. எனினும், ஏப்பிரல் மாதத்திலே அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்து அதனைக் கலைத்தன. 2017ஆம் ஆண்டு அதே பெப்ருவரி 20ஆந் தேதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடிக் கிளிநொச்சியிலே தெருவில் அமர்ந்த தாய்மாருள் எத்தனையோ பேர், விடை காணாமலே கண்மூடிவிட்டனர். அவர்களுடைய மனதிலே என்ன குறை? ஒன்றுமில்லை. ஆகவே, தோற்றவரெல்லாம் முயலாதவர் என்று பேசுவது பாவம். முயன்றவர் வெல்லாது போகலாம். ஆனால், முயலாது வென்றவர் எவருமில்லை. இவ்வளவே நாம் துணிந்து சொல்லக்கூடியது.

தோழர்களே! நீங்கள் கிணறு வெட்டியவர்கள். நம் மண்ணிலே சிறிது தோண்டியதும் சுண்ணக்கல் தட்டுப்படும். அங்கே அலவாங்கைப் போட்டுவிட்டு வீடு திரும்பியவனுக்குக் கிடைத்தது கிணறு அன்று. மாடு விழுகின்ற குழி. பாதிக் கிணற்றிலே பாதித் தண்ணீர் இருப்பதில்லை. பொதுக் காரியமும் அத்தகையதே.

இன்னுமொன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்லவேண்டும். "படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார் கமக்காரர். "மக்கள் முதலில் திரளட்டும், பின்னர் நாம் வருவோம்" என்கிறார் உத்தியோகத்தர். இருவரும் நல்லவர்களே, இருவருக்கும் அரைமனதே. இரண்டு அரைமனதுகள் சேர்ந்து ஒரு முழுமனதாகிவிடா!

இருவரும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுண்டு. 1990ஆம் ஆண்டிலே வலிகாமம் வடக்கு மக்கள் தம் செம்மண் தோட்டங்களை விட்டு இடம்பெயர்ந்தனர். 2013ஆம் ஆண்டிலே அங்கு 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. அப்போது காணிக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தம் பெயரையும் காணி விபரத்தையும் கொடுத்து ஒப்பமிட்டனர். சட்டத்தரணிகள் அவர்களுக்காக மேன்முறையீட்டு நீதிமன்றப் படியேறினர். 2015ஆம் ஆண்டு முதல் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. முழுவதும் இன்னும் வந்து சேரவில்லை. ஆனால், அன்று எல்லோரும் வாளாவிருந்திருந்தால், இன்று கேட்பதற்கே உரிமை இருந்திராது.

சட்டம் விழித்திருப்பவனுக்கே துணைபுரியும். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறருடைய காணியை உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். போரினால் ஓடிப்போனவர் எவ்வாறு தடுத்திருக்க முடியும்? அந்த அநீதியை நீக்குவதற்கென்றே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வந்தது. ஆனால், வழக்கிடுவதற்கு அது கொடுத்த அவகாசம் இரண்டே ஆண்டுகள். சட்டம் கதவைத் திறக்கலாம். உள்ளே செல்லக் கால் நம்முடையதாக இருத்தல் வேண்டும். கையிலே உறுதியும் இருத்தல் வேண்டும்.

ஆகையால், இக்கூட்டத்திலே தீர்மானம் ஒன்றும் நாம் கேட்கவில்லை, வேலையே கேட்கின்றோம்.

சட்டத்தரணிகளே, நொத்தாரிசுமாரே! மாதத்தில் ஒருநாள் கிராமத்துக்கு வாருங்கள். உறுதிகளைப் பார்த்து, குறையுள்ளவற்றைச் சீர்செய்து கொடுங்கள். நில அளவையாளர்களே! எல்லை அழிந்த காணிகளுக்கு எல்லை காட்டுங்கள். ஆசிரியர்களே! ஊர்ப் பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே, எந்தக் காணி யார் வழி வந்தது என்பதைக் கேட்டு எழுதிவையுங்கள். கமக்காரத் தோழர்களே! உறுதியின் படியொன்றை வேறிடத்திலும் வையுங்கள்; தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலே பிரதி எடுங்கள்; திரும்பக் கிடைத்த நிலத்தைப் பற்றைக்காடாக விடாது பயிரிடுங்கள். உழாத நிலத்துக்கு உரிமை பேசுவது கடினம்.

இவற்றிலே புகழ் இல்லை, மாலை இல்லை, பத்திரிகையிலே படமும் வராது. முழுமனதுக்கு உரைகல் அதுவேயாகும். பார்ப்பவர் இருக்கும்போது செய்வது பலருக்கும் இயலும். பார்ப்பவர் போனபின்னும் செய்பவரே காரியத்தை முடிப்பவர்.

இரணைதீவுத் தாய்மார் முந்நூற்றைம்பது நாட்களுக்கு மேல் கரையிலே இருந்தனர். அந்நாட்களுள் பெரும்பாலானவற்றில் சொல்லத்தக்கதாக எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடவாத அந்நாட்களே, வள்ளத்தைத் தீவிலே கொண்டு சேர்த்தன. அத்தகைய நாட்களை நம்மிலே எத்தனை பேர் கொடுக்கப் போகின்றோம்? கைதட்ட வேண்டாம், அன்பர்களே. வாயிலிலே ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கின்றது. போகும்போது, பெயரையும் ஊரையும், மாதத்தில் எந்த நாளைக் கொடுக்க இயலும் என்பதையும் அதிலே எழுதிச் செல்லுங்கள். எழுதிய நாளிலே வாருங்கள்.