வெயில் எல்லோருக்கும் உண்டு, கூரை?

'பூஜ்ய எரிசக்தி வீடு' என்ற பேச்சு இன்று பலமாக அடிபடுகிறது. அதன் பொருள் என்ன? ஒரு வீடு ஓராண்டில் செலவிடும் சக்தி முழுவதையும் தன் கூரைமீது விழும் வெயிலிலிருந்தே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பிக்குக் கொடுக்கும். இரவில் திரும்ப வாங்கும். ஆண்டு முடிவில் வரவும் செலவும் சரியாக இருக்கும்.

நம் ஊருக்குச் சரி, பனி கொட்டும் நாட்டில் இது நடக்குமா என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நடந்ததைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் டோவர் என்ற ஊரில், 1948இல், மரியா டெல்க்ஸ் என்ற விஞ்ஞானி ஒரு வீட்டைச் சூரிய வெப்பத்தாலேயே சூடாக்க ஏற்பாடு செய்தார். பகல் வெப்பத்தில் உருகி, உறையும்போது அந்த வெப்பத்தைத் திருப்பித் தரும் கிளாபர் உப்பை டப்பாக்களில் அடைத்து வைத்தார். முதலில் நன்றாகவே நடந்தது. சில ஆண்டுகளில் உப்பு பிரிந்து படிந்து பயனற்றுப் போயிற்று.

பிறகு கனடாவில் ஒகோடோக்ஸ் என்ற ஊரில், 2007இல், 52 வீடுகளுக்குப் பொதுவாக ஓர் ஏற்பாடு செய்தார்கள். 37 மீட்டர் ஆழத்தில் 144 துளைகள் போட்டு, கோடை வெப்பத்தை மண்ணுக்குள் சேமித்தார்கள். நாம் அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போல! 2015-16 குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் வேலை முழுவதையும் அந்த வெப்பமே செய்தது. பின்னர் யந்திரங்கள் பழசாகிவிட்டன. 2024இல் அதை மூட முடிவாயிற்று. குளிர்நாட்டிலும் சாத்தியம்தான். ஆனால் கட்டினால் போதாது, தொடர்ந்து பராமரிக்கவும் வேண்டும்.

நமக்கோ குளிரல்ல, உஷ்ணமே எதிரி. ஆகவே முதலில் சூட்டை உள்ளே விடக்கூடாது. கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, மேற்குச் சுவருக்கு நிழல், எதிரெதிரே ஜன்னல். அதன் பிறகே சோலார் தகடு.

கணக்குப் போடுவோம். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். புதுவகை சுமார் 30 வாட். புதுவகை விசிறி இரண்டு 15 மணி நேரம், 9 வாட் பல்பு நான்கு 6 மணி நேரம் எரிந்தால் ஒன்றேகால் யூனிட்டுக்குள் அடங்கும். ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். தொழிலாளி வீட்டுக்குத் தாராளமாகப் போதும்!

பின் தடை எங்கே? கூரையில்தான். 2011இல் தமிழக அரசு 300 சதுர அடிப் பசுமை வீடுகளில் வெயிலில் எரியும் ஐந்து விளக்குகளைத் தந்தது. 2024இல் மத்திய அரசு ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் அறிவித்தது. ஆனால் லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கும் மில் தொழிலாளிக்குச் சொந்தக் கூரை ஏது? விவசாயத் தொழிலாளியின் ஓலைக் கூரை தகட்டைத் தாங்குமா?

வழி இருக்கிறது. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஞ்சாயத்துக் கட்டடம் ஆகியவற்றின் கூரைகளில் பொதுவாகத் தகடு போடட்டும். அங்கே விளையும் மின்சாரத்தைக் கூரையற்றவர்களின் கணக்கில் வரவு வைக்கட்டும். டில்லியில் 2019இலேயே இப்படிப் பங்கிட விதி வகுத்துவிட்டார்கள். இங்கும் அது வேண்டும். ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும், கிராம சபையிலும் இந்தக் கோரிக்கையை எழுப்புவோம், தோழர்களே!