ஆளில்லாத மேடை



2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 15ஆம் நாள் இரவு அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறி என் பேச்சைத் தொடங்குகிறேன். அன்று ஐந்து மாநிலங்களில், குடியரசுத் தலைவர் பதவிக்கான கட்சி வேட்பாளர்களைத் தெரிந்தெடுக்கும் வாக்கெடுப்பு நடந்தது. சனநாயகக் கட்சியில் போட்டியிட்ட பெர்னி சாண்டர்ஸ், அரிசோனா மாநிலத்துப் பீனிக்ஸ் நகரில் பெருங்கூட்டத்தின் முன் பேசிக்கொண்டிருந்தார். அதே வேளையில் அந்நாட்டின் பெரிய செய்தித் தொலைக்காட்சிகள் மூன்றும் வேறொரு காட்சியைக் காட்டிக்கொண்டிருந்தன. புளோரிடா மாநிலத்தில் ஒரு மேடை, அதன்மேல் ஒலிவாங்கி, பேச ஆளில்லை. குடியரசுக் கட்சியின் டொனால்டு டிரம்ப் சற்று நேரத்தில் அங்கே வந்து பேசுவார் என்ற எதிர்பார்ப்பு ஒன்றே அக்காட்சியின் பொருள். உயிரோடு நின்று பேசுகின்றவரைவிட, இனிமேல் வந்து பேசப்போகின்றவர் நிற்கவேண்டிய வெற்றிடம் அன்று மதிப்பில் உயர்ந்துவிட்டது.

இவர்களுள் எவர் கொள்கை நன்று என்பது நம் ஆராய்ச்சியன்று. ஒரு சாராரை மகிழ்வித்து, மற்றொரு சாராரைச் சினமூட்டவல்ல அரசியல்வாதிகள் எல்லாக் கட்சிகளிலும், எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர். மிகுதியாக ஏசப்படும் இவர்களே தொலைக்காட்சியில் மிகுதியாகக் காணப்படுவதும் ஏன் என்பதுதான் நம் வினா.

முதற்காரணம் பணம். ஒரு மாவட்டத்தில் குடிநீர் ஏன் வரவில்லை என்று ஆராய்ந்து ஒரு மணி நேரக் காட்சி உருவாக்க வேண்டுமானால், ஊர் ஊராகச் செல்ல ஆள் வேண்டும், படக்கருவி வேண்டும், பல நாள் உழைப்பு வேண்டும். சொற்போருக்கோ சில நாற்காலிகளும் ஒரு மேசையும் போதும். அவற்றுள் ஒரு நாற்காலியில் ஊரார் எல்லோரும் ஏசும் ஒருவர் அமர்ந்துவிட்டால் விளம்பரம் செய்யவும் வேண்டுவதில்லை. 2016 பிப்ரவரி முடிய டிரம்ப் தம் விளம்பரத்துக்குச் செலவிட்டது ஏறத்தாழ 1 கோடி டாலர் என்றும், தொலைக்காட்சி, செய்தித்தாள் முதலியவற்றில் அவருக்கு விலையின்றிக் கிடைத்த இடத்தின் மதிப்பு ஏறத்தாழ 190 கோடி டாலர் என்றும் ஒரு கணிப்பு வெளிவந்தது. அவ்விடத்தில் ஒரு பெரும்பகுதி அவரைக் கண்டித்து எழுதியதும் பேசியதுமே என்பதை மறத்தலாகாது. அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில், சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனத்தின் தலைவராயிருந்த லெஸ் மூன்வெஸ் முதலீட்டாளர்களிடையே பேசினார். இத்தேர்தல் ஆரவாரம் நாட்டுக்கு நன்மையாக இல்லாதிருக்கலாம். தம் நிறுவனத்துக்கு மிக நன்மை என்ற கருத்தை அவர் ஒளிக்காமல் கூறினார். அவர் நேர்மையை ஒருவகையில் பாராட்டத்தான் வேண்டும்.

பார்வையாளரை எண்ணும் கருவி கண்களை எண்ணுமேயன்றிக் கருத்தை எண்ணாது. விரும்பிப் பார்த்தவனும், பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவனும் அக்கணக்கில் ஒன்றே. நம்மில் பலர், இந்த மனிதர் இன்று என்ன பிதற்றுகிறார் பார்ப்போம் என்று அமர்கின்றோம். நாம் கொட்டாவி விட்டு எழுந்து போயிருந்தால் அவருக்கு இழப்பு. நாம் வெகுண்டு எழுந்தது அவருக்கு இழப்பன்று.

பணம் ஒன்றே காரணமெனில் அரசிறை போன்ற கட்டணத்தால் நடைபெறும் நிலையங்கள் இக்குற்றத்தினின்று தப்பியிருக்க வேண்டுமன்றோ? இங்கிலாந்து நாட்டுப் பி.பி.சி. அத்தகைய நிலையம். அதில் 1979ஆம் ஆண்டு முதல் ‘கொஸ்டின் டைம்’ என்னும் வினாவிடை அரங்கம் நடந்துவருகிறது. அவையிலிருக்கும் பொதுமக்கள் வினவ, அரசியல்வாதிகள் விடையிறுப்பர். 2009ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அவ்வரங்கில் பிரிட்டிஷ் தேசியக் கட்சியின் தலைவர் நிக் கிரிபின் அமர்த்தப்பட்டார். வெள்ளையர் அல்லாதாரைத் தம் கட்சியில் சேர்க்காதிருந்தவர் அவர். நிலையத்தின் வாயிலில் பெருங்கிளர்ச்சி நடந்தது. அமைச்சர்களுள்ளும் எதிர்ப்பு எழுந்தது. அன்றிரவு பார்த்தவர் ஏறத்தாழ 80 இலட்சம் பேர். வழக்கமாகப் பார்ப்பவர் இதில் பாதியளவும் இரார்.

பி.பி.சி. கூறிய நியாயத்தை நாம் எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. அவ்வாண்டு சூன் மாதம் நடந்த ஐரோப்பியப் பாராளுமன்றத் தேர்தலில் அக்கட்சி 9 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளையும் இரண்டு இடங்களையும் பெற்றிருந்தது. வாக்களித்த குடிமக்களின் சார்பாளரை நாற்காலியினின்று விலக்க ஓர் ஒலிபரப்பு நிலையத்துக்கு அதிகாரம் ஏது? தடை விதிப்பதாயின் அது பாராளுமன்றத்தின் பொறுப்பு என்றார் நிலையத் தலைவர். அழைத்தது தவறன்று என்பதே என் கருத்தும். ஆனால் அன்றைய அரங்கில் வழக்கமாகப் பேசப்படும் பல செய்திகள் பின்தள்ளப்பட்டு, பெரும்பொழுது அம்மனிதர் ஒருவரைச் சுற்றியே சென்றது. பிறரெல்லாம் அவரைச் சாடுவதற்கென்றே வந்தவர்போல் ஆயினர். மறுநாள் அவர் தாம் கும்பலால் தாக்குண்டவர்போல் முறையிட்டார். அந்த வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

பயன் என்ன எனின், அது ஒருவழிப்பட்டதன்று. 2010 பொதுத்தேர்தலில் கிரிபினின் கட்சி ஓர் இடமும் பெறவில்லை. 2014இல் அவர் ஐரோப்பிய இடத்தையும் இழந்தார். பிரான்சு நாட்டில் நடந்ததோ வேறு. 1981இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்கு வேண்டிய 500 கையொப்பங்களைக்கூடப் பெறமுடியாதிருந்த ழான் மரீ லெ பென், 1984 பிப்ரவரி 13ஆம் நாள் ஒரு பெரிய தொலைக்காட்சி நேர்காணலில் தோன்றினார். வினாக்களின் இடையே திடீரென எழுந்து நின்று, பொதுவுடைமை ஆட்சியில் மாண்டோருக்காக மௌனம் காத்தார். கேள்வி கேட்க வந்தவர்கள் செய்வதறியாது இருந்தனர். நான்கு திங்கள் கழித்து நடந்த ஐரோப்பியத் தேர்தலில் அவர் கட்சி ஏறத்தாழ 11 விழுக்காடு வாக்குப் பெற்றது. முந்திய ஆண்டே ஊராட்சித் தேர்தல்களில் அக்கட்சி தலைதூக்கியிருந்ததால், எல்லாம் அந்த ஓர் இரவின் விளைவு என்று கூறிவிடலாகாது.

ஆகவே திரையில் தோன்றுவது மட்டுமே ஒருவரை உயர்த்துவதுமில்லை, தாழ்த்துவதுமில்லை. தோன்றுபவருக்குக் கொடுக்கப்படும் காலத்தின் அளவையும் வகையையும் நோக்க வேண்டும். ஒரு மணி நேரச் சொற்போரில் விளம்பரம் நீக்கி நாற்பது நிமிடம் எஞ்சுவதாகக் கொள்வோம். பேசுவோர் எண்மர்; நெறியாளர் பேச்சு வேறு. ஒருவருக்கு நான்கு நிமிடம் கிடைத்தால் அரிது; அதுவும் துண்டு துண்டாக. இந்நிலையில் ‘இவன் துரோகி’ என்று சொல்ல மூன்று நொடி போதும். அவன் துரோகியல்லன் என்று மெய்ப்பிக்க அரை மணியாகும். ஆதாரம் காட்ட வேண்டிய பொறுப்பைத் தம்மேல் ஏற்காதவருக்கே இத்துண்டுக் காலம் வாய்ப்பாக அமைகின்றது. இடைமறிப்பார் இன்றிப் பேசும் வானொலி உரையாளனாகிய நான் இதைச் சொல்வது எளிது என்று நீங்கள் நகைக்கக்கூடும், நகைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அமெரிக்க நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1950 பிப்ரவரி 9ஆம் நாள் வீலிங் என்னும் ஊரில் செனட் உறுப்பினர் ஜோசப் மக்கார்த்தி ஒரு தாளைக் காட்டி, வெளியுறவுத் துறையில் பொதுவுடைமையர் பலர் பணிபுரிவதாகக் கூறினார். 205 பேர் என்று செய்தித்தாள் எழுதிற்று. சில நாட்களில் அவர் வாயிலேயே அது 57 ஆயிற்று. பின்னர் 81 ஆயிற்று. செய்தியாளருட் பலர் ஐயம் கொண்டிருந்தனர். ஆயினும் செனட் உறுப்பினர் ஒருவர் சொன்னார் என்பது உண்மை; சொன்னதைச் சொன்னபடி எழுதுவதே நடுநிலை என்பது அக்கால வழக்கு. குற்றச்சாட்டு முதற்பக்கத் தலைப்பாயிற்று; மறுப்பு பின்தங்கி வந்தது. இவ்வாறே நான்கு ஆண்டுகள் சென்றன. எத்தனையோ பேர் வேலை இழந்தனர்.

1954இல் அவர் இராணுவத்தோடு மோதினார். செனட் விசாரணை ஏப்ரல் 22 முதல் சூன் 17 வரை 36 நாட்கள் நடந்தது. பெரிய நிறுவனங்களான சி.பி.எஸ்.ஸும் என்.பி.சி.யும் பகல் நேர விளம்பர வருவாயை இழக்க மனமின்றி ஒதுங்கிக்கொண்டன. ஏ.பி.சி. நிறுவனத்துக்குப் பகலில் காட்டுவதற்கு மிகுதியாக ஒன்றும் இல்லை. அதனால் அதுவும் டூமாண்ட் நிறுவனமும் விசாரணை முழுவதையும் ஒளிபரப்பின. ஏறத்தாழ 188 மணி நேரம்! நன்மையும் சிக்கனத்தின் வழியே வந்தது பாருங்கள்.

நீண்ட நேரம் பார்த்த மக்கள் புதிதாய் ஒன்றைக் கண்டனர். அவர் ஓயாமல் ‘ஒழுங்குப் பிரச்சினை’ என்று குறுக்கிட்டார். ஆதாரம் கேட்டபோது வேறொரு பழியைத் தொடுத்தார். சூன் 9ஆம் நாள், இராணுவத்தின் வழக்கறிஞரான ஜோசப் வெல்ச்சை மடக்க எண்ணி, அவர் அலுவலகத்து இளைஞர் ஒருவர்மேல் பழி சுமத்தினார். வெல்ச் அவரிடம் நாணம் என்பதே இல்லையா என்னும் பொருள்பட வினவியபோது அரங்கம் கைதட்டிற்று. அவ்வாண்டு சனவரியில் மக்களுள் 50 விழுக்காட்டினர் அவரை ஆதரித்ததாகக் காட்டிய காலப் கருத்துக்கணிப்பு, சூனில் 34 விழுக்காடு என்று காட்டியது. குடியரசுத் தலைவர் ஐசனோவரின் வெறுப்பும், தம் கட்சியினரே அவரைக் கைவிட்டதும் இவ்வீழ்ச்சியில் பங்குகொண்டன.

டிசம்பர் 2ஆம் நாள் செனட் சபை 67க்கு 22 என்ற வாக்குகளால் அவரைக் கண்டித்தது. அவர் பதவியை இழக்கவில்லை. 1957 மே மாதம் இறக்கும்வரை செனட் உறுப்பினராகவே இருந்தார். பழைய குற்றச்சாட்டுகளையே அவர் தொடர்ந்து பேசினார். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு கேட்க வந்த செய்தியாளர்தாம் குறைந்துபோயினர்.