காடும் கடலும் எங்கட முற்றம்தான்

(சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஹொல்ம்லியாப் பிள்ளைகளுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரியவர்களுக்குப் பேச இங்கே பலர் இருக்கிறார்கள். நான் இன்றைக்குப் பிள்ளைகளோடுதான் கதைக்கப் போகிறேன். பெரியவர்களும் காது கொடுத்தால் கோபிக்க மாட்டேன்.

பிள்ளைகளே, யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. மாரியில் பெய்கிற மழை நிலத்துக்குக் கீழே இருக்கிற சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தங்கும். அந்தத் தண்ணீரைத்தான் சனங்கள் கிணறு வெட்டி எடுக்கிறார்கள். குடிக்கவும் அதுதான், குளிக்கவும் அதுதான், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கவும் அதுதான். கிணறு ஒருவருடைய வளவுக்குள் இருக்கலாம். ஆனால் அடியில் இருக்கிற தண்ணீருக்கு வேலி கிடையாது. ஒரு வளவில் ஊற்றியது அடுத்த வளவுக் கிணற்றில் வந்து நிற்கும்.

இதைச் சுன்னாகத்தில் சனங்கள் கண்ணால் கண்டார்கள். அங்கே இருந்த மின்நிலையத்தின் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் கலந்தது. தலைமுறை தலைமுறையாகக் குடித்த தண்ணீர் எண்ணெய் மணத்தது. 2015 இல் சனங்கள் வீதிக்கு வந்து நியாயம் கேட்டார்கள். வீட்டு முற்றத்தில் கிணறு இருக்க, வெளியில் இருந்து வருகிற தண்ணீரைக் காத்திருந்து வாங்கவேண்டிய நிலை வந்தது. 2019 இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புத்தான். ஆனால் அந்தக் காசைக் கிணற்றுக்குள் போட்டாலும் பழைய தண்ணீர் வராது. தொழிற்சாலையில் நிற்கிற எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். கழிவு எண்ணெயைத் தனிப் பீப்பாவில் சேர்ப்பது சின்ன வேலை. நிலத்துக்குள் போனதை எடுப்பதுதான் பெரிய வேலை.

"அது ஊரில நடந்தது மாமா, எங்களுக்கென்ன?" என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

எங்கட முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. காடு முல்லை. வயல் மருதம். கடற்கரை நெய்தல். வரண்ட நிலம் பாலை. உங்கள் தமிழ்ப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இனி ஹொல்ம்லியாவைப் பாருங்கள். வீட்டுக்குப் பின்னால் பைன் மரமும் பாசியும் புளூபெர்ரிச் செடியும் நிற்கிற காடு, அது முல்லை. கீழே நடந்து போனால் வெர்வன்புக்தாக் கடற்கரை, அது நெய்தல். இரண்டையும் கால்நடையாகவே போய்ப் பார்க்கலாம். இப்படி ஒரு இடம் எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்கும்?

இங்கேயும் தண்ணீருக்கு வேலி கிடையாது. ரோட்டோரம் இருக்கிற இரும்புக் கம்பி மூடிக்குள் போகிற மழைத்தண்ணீர் பல இடங்களில் நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும். பக்கத்தில் ஓடுகிற யான்ஸெல்வா ஆறும் ஒஸ்லோ பியோர்டில்தான் விழுகிறது. ஒருவர் காலால் நசுக்கிப் போடுகிற சிகரெட் கட்டை, நீங்கள் எறிகிற இனிப்புத் தாள் எல்லாம் அந்த வழியாலேயே போகும். சிகரெட் கட்டையின் பஞ்சு பஞ்சல்ல, அதுவும் ஒரு வகைப் பிளாஸ்ரிக்தான்.

2017 தை மாதம் பேர்கனுக்குப் பக்கத்தில் ஸோத்ரா என்ற தீவில் ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியது. திரும்பத் திரும்பக் கரைக்கே வந்தபடியால் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். வயிற்றை வெட்டிப் பார்த்தபோது உள்ளே முப்பது அளவில் பிளாஸ்ரிக் பைகள் இருந்தன. சாப்பாடு என்று நினைத்து விழுங்கியிருக்கிறது. பையை யார் எறிந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஏதோ ஒரு நாட்டில், யாரோ ஒருவர், "ஒரு பைதானே" என்று நினைத்து எறிந்தது அது.

பயப்படுத்துவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கெட்டுப்போனதை மனிதர் திருத்தியும் இருக்கிறார்கள். நோர்வேயின் மிகப் பெரிய ஏரி ம்யோசா. 1976 இல் அது பாசி பிடித்து, தண்ணீர் மணத்து, குடிக்க முடியாத நிலைக்கு வந்தது. உடுப்புத் தோய்க்கிற தூளில் இருந்த பொஸ்பேற்று, வயல் பசளை, கழிவுநீர் எல்லாம் சேர்ந்து செய்த வேலை. அரசாங்கம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியது. வீட்டில் இருந்த அம்மாமார் பொஸ்பேற்று இல்லாத தூளுக்கு மாறினார்கள். ஏரி திரும்ப உயிர் பெற்றது. இன்றைக்கும் அதில் மீன் பிடிக்கிறார்கள்.

எங்கட ஒஸ்லோ பியோர்ட் இன்னும் அப்படித் தேறவில்லை. நாங்கள் குழம்பு வைக்கிற தோர்ஸ்க் மீன் குறைந்துவிட்டதால், 2019 இல் இருந்து பியோர்டின் உட்பகுதியில் அதைப் பிடிக்கத் தடை. நீங்கள் வளர்ந்து பெரியவர்களாகும்போது அங்கே தோர்ஸ்க் இருக்குமா இல்லையா என்பதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

சரி, காட்டுக்கு வருவோம். இந்த நாட்டில் 1957 இல் ஒரு சட்டம் வந்தது. காடு யாருடையது என்றாலும் அதில் எவரும் நடக்கலாம், பழம் பறிக்கலாம், வீடுகளுக்குத் தள்ளிக் கூடாரம் அடிக்கலாம். அந்தச் சட்டத்தில் "நோர்வேக்காரர் மட்டும்" என்று எழுதவில்லை. அகதியாக வந்தவருக்கும் அதே உரிமைதான். உரிமையோடு கடமையும் இருக்கிறது. சித்திரை வருடப்பிறப்பு வருவது ஏப்ரல் 14. அதற்கு அடுத்த நாள், ஏப்ரல் 15 இல் இருந்து செப்ரெம்பர் 15 வரை அனுமதி இல்லாமல் காட்டிலும் காட்டோரத்திலும் நெருப்பு மூட்டக்கூடாது. பனி உருகினதும் போன வருடத்துப் புல் காய்ந்து சருகாகக் கிடக்கும், ஒரு பொறி போதும். ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாயைக் கயிற்றில்தான் கொண்டு போகவேண்டும். அது பறவைகள் முட்டை இட்டுக் குஞ்சு பொரிக்கிற காலம்.

இனிப் பெரியவர்களுக்கும் ஒரு சொல். கோடையில் கடற்கரைக்குப் போகிறோம், கோழி வாட்டுகிறோம், சந்தோசமாக இருக்கிறோம். எழும்பும்போது ஒருமுறை பயன்படுத்துகிற கிறில் தட்டும், சோற்றுத் தட்டும், போத்தலும் சில இடங்களில் அப்படியே கிடக்கும். எங்கட ஆட்கள் மட்டுமல்ல, எல்லா இனத்தவரும் விட்டுவிட்டுப் போகிறார்கள். "கொம்யூனாக்காரர் துப்பரவாக்குவினம், நாங்கள் வந்த சனம்தானே" என்று சொல்வதைக் கேட்கும்போதுதான் எனக்கு மனம் நோகிறது. நாங்கள் வந்த சனமாக இருக்கலாம். பிள்ளைகள் வந்தவர்கள் அல்ல. இங்கே பிறந்து, இந்தக் காட்டில் பள்ளிக்கூடத்தோடு நடந்து, இந்தக் கடலில் நீந்தப் பழகினவர்கள். அவர்களுக்கு ஊர் என்றால் இதுதான். ஊரில் விடிய எழும்பி முற்றம் கூட்டாமல் அடுப்பு மூட்டாத தாய்மாரின் பிள்ளைகள் நாங்கள். பிள்ளைகளின் முற்றத்தைக் குப்பையாக விட்டுவிட்டு எழும்பலாமா?

பிள்ளைகளே, உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன்.

முதலாவது, வீட்டில் நீங்கள்தான் குப்பை அதிகாரி. சாப்பாட்டுக் கழிவு பச்சைப் பைக்குள். பச்சைப் பை எரிவாயுவாகவும் பசளையாகவும் மாறும். அம்மா அவசரத்தில் மாறிப் போட்டால் மரியாதையாகச் சொல்லுங்கள். அம்மம்மாவுக்குத் தமிழில் விளங்கப்படுத்துங்கள், உங்கள் தமிழும் வளரும்.

இரண்டாவது, வெற்றுப் போத்தலையும் தகரப் பேணியையும் எறியாமல் கடை இயந்திரத்தில் போட்டுப் பணத்தை வாங்குங்கள்.

மூன்றாவது, ஒஸ்லோ நகரசபை 1976 முதல் ஒவ்வொரு வசந்தத்திலும் ரூஸ்கன் என்ற துப்பரவு வேலை நடத்துகிறது. பையும் அவர்களே தருவார்கள். இந்த வருடம் எங்கட சங்கத்துப் பிள்ளைகளும் ஒரு நாள் வெர்வன்புக்தாவுக்குப் போவோம். அப்பாமாரையும் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள். குப்பை பொறுக்கி முடிய வடையும் தேத்தண்ணியும் கிடைக்கும் என்று சொல்லுங்கள், கட்டாயம் வருவார்கள்.