கேட்பவரை விசாரிப்பது யார் வேலை?



லூர்து அன்னையின் திருத்தலம் இருக்கும் இந்தப் பாலையூற்றில் கூடும் அவைக்குத் தலைமை தாங்கும்படி கேட்டபோது மகிழ்ச்சியும் தயக்கமும் ஒன்றாகவே வந்தன. எனக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னாலேயே சில இடங்களில் அவர்களை மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

கிழக்கிலங்கைத் திருச்சபைகளின் அறப்பணி என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைந்த காலம் தொட்டு, பிரெஞ்சு யேசு சபையினரும் பின்னர் அமெரிக்க யேசு சபையினரும் நடத்திய பள்ளிகள், வின்சென்ட் டி போல் சபையின் வீட்டுச் சந்திப்புகள், போர்க்கால அகதிப் பணி, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்திய நிவாரணம், பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கிய 2022இன் சமூகச் சமையலறைகள் என்று இரண்டு நாளைக்குப் போதிய கட்டுரைகள் வந்திருக்கின்றன. அவற்றை நான் முந்திக்கொண்டு சுருக்கிச் சொல்வது முறையல்ல.

என் கவலை வேறொன்று. இந்த அவை நாளை மாலை வெளியிடவிருக்கும் அறிக்கையின் வரைவை எனக்கு அனுப்பியிருந்தார்கள். திருத்தல வாசல்களில் கேட்பவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம், அதை ஏழைகள் உண்டியலில் போடுங்கள் என்று இறைமக்களை அறிவுறுத்தும் ஒரு வாக்கியம் அதில் இருக்கிறது. எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் பின்னால் ஒரு வாதம் இருக்கிறது. அது நம் கருத்தரங்குகளில் பல ஆண்டுகளாக மறுப்பின்றிச் சுற்றி வருகிறது. கேட்கிற எவருக்கும் கிறிஸ்தவன் காசு கொடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, ஆதித் திருச்சபையே விசாரித்துக் கொடு என்று வரம்பு கட்டிவிட்டது என்பதே அந்த வாதம்.

கேட்பவருக்குக் கொடு என்று மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதையும், லூக்கா அதை இன்னும் அகலமாக எல்லோருக்கும் என்று தருவதையும் இங்கு விளக்கத் தேவையில்லை. வரம்புக்குச் சாட்சியாக நண்பர்கள் கொண்டுவருவது திதாக்கே என்ற ஆதித் திருச்சபை நூலின் முதல் அதிகாரத்தை. 1056ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் படியை பிரையேனியோஸ் 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கண்டெடுத்து 1883இல் பதிப்பித்த நூல் அது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெளியும்வரை தர்மக்காசு கையிலேயே வியர்த்துக் கிடக்க வேண்டும் என்ற கருத்துள்ள வாக்கியம் அங்கே வருகிறது. முன்பு ஒரு கருத்தரங்கில் மதிப்புக்குரிய நண்பர் ஒருவர் இந்த ஒற்றை வாக்கியத்தை வைத்தே முழுக் கட்டுரையையும் கட்டினார். அவருடைய கிரேக்கப் புலமைக்கு நான் தலைவணங்குகிறேன். அவர் மேலே இருந்த வாக்கியத்தையும் சேர்த்து வாசித்திருக்கலாம் என்பதுதான் என் குறை.

மேலே இருப்பது என்ன? கேட்பவர் எல்லோருக்கும் கொடு, திருப்பிக் கேட்காதே என்ற கட்டளை. அதையடுத்து, தேவையில்லாமல் வாங்கியவன் ஏன் வாங்கினான் என்று கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்ற எச்சரிக்கை. விசாரணை அங்கே இருக்கிறது. அந்தக் கூண்டில் நிற்பவர் வாங்கியவர், விசாரிப்பவர் கடவுள். கொடுத்தவருக்கு அதில் வேலை இல்லை. உரோமையில் இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த எர்மாவின் நூலும் இரண்டாம் கட்டளையில் இதையே சொல்கிறது: யாருக்குக் கொடுப்பது, யாருக்கு விடுவது என்று பாகுபடுத்தாமல் கொடுப்பவன் குற்றமற்றவன். இரண்டு நூல்கள் ஒரே குரலில் பேசும்போது, பின்னொட்டாக வரும் ஒரு பழமொழியை எடுத்து இரண்டையும் அடைத்துவிடுவது ஆய்வு நெறியாகுமா?

அந்தப் பழமொழியைக்கூட நாம் சரியாக வாசித்தோமா என்பது அடுத்த கேள்வி. அதன் இலத்தீன் வடிவம் புனித அகுஸ்தினாருக்கு நன்கு தெரியும். திருப்பாடல்களுக்கு அவர் ஆற்றிய விளக்கவுரைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் அதை எடுத்தாள்கிறார். நம் தமிழ்க் கட்டுரைகளில் இந்தப் பக்கங்களை எவரும் தொட்டதாக நான் காணவில்லை. அகுஸ்தினார் அங்கே இரண்டு வகை வறியவரைக் காட்டுகிறார். ஒருவர் உன்னைத் தேடி வந்து கேட்பவர், அவருக்குக் கொடுத்துவிடு. மற்றவர் கேட்காதவர், நீதிமான். அவரை நீ தேடிப் போக வேண்டும், அந்தத் தேடலில்தான் காசு உன் கையில் வியர்க்கும். கேட்டவருக்கு முன்னால் கையை மூடிக்கொள்வதற்கு அவர் அந்த வாக்கியத்தை ஆதாரமாக்கவில்லை. கொடுத்து முடித்தபின் இன்னும் ஒரு கடமை பாக்கியிருக்கிறது என்று சொல்ல அதைப் பயன்படுத்தினார். நம் நண்பர்கள் வரம்பு என்று வாசித்த இடத்தில் ஹிப்போவின் ஆயர் கூடுதல் சுமையை வாசித்தார். இரண்டில் எது நற்செய்தியோடு ஒத்துப்போகிறது என்பதை அவையே தீர்மானிக்கட்டும்.

இனி, உழைக்க மனமில்லாதவர் உண்ணவும் வேண்டாம் என்று பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியதைக் காட்டுவார்கள். பவுல் அதை எழுதியது ஒரே சபையில் இருந்துகொண்டு மற்றவர் கையை எதிர்பார்த்திருந்த சகோதரருக்கு. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தில் அறுபது வயதுக்கு உட்பட்ட கைம்பெண்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று வருவதும் சபையின் பொதுப் பணத்தைப் பற்றியது. பொதுப் பணத்துக்கு விசாரணை வேண்டும். வின்சென்ட் டி போல் சபையின் பொருளாளர் ஒரு குடும்பத்துக்கு உதவுமுன் வீட்டுக்குப் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அது மற்றவர் கொடுத்த காசு, அதற்குக் கணக்கு உண்டு. என் சட்டைப் பைக்குள் கிடக்கும் காசுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. சபையின் பெட்டிக்கு எழுதப்பட்ட ஒழுங்கை ஒவ்வொரு விசுவாசியின் கைக்கும் பூட்டியதுதான் நம்மிடையே நடந்த பிழை. என் ஆசிரியப் பெருந்தகை ஒருவர் இந்தக் கலப்பைத் தன் நூலில் செய்திருக்கிறார். அந்த நூலிலிருந்து நான் கற்றவை ஏராளம். இந்த ஓர் இடத்தில் மட்டும் அவரைப் பின்பற்ற என்னால் முடியவில்லை.

நேற்று மாலைத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். நரம்பு புடைத்த இடது கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். வலது கை சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. ஒரு ஐயா நின்று விசாரித்தார். “எங்கேயிருந்து வாறீங்கள்? பிள்ளையள் இல்லையோ? அவங்கள் பார்க்கிறேல்லையோ? அரசாங்க உதவி கிடைக்கேல்லையோ?” அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். மூத்தவன் இல்லை என்று சொல்லும்போது அவருடைய குரல் அடைத்தது. பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். பிறகு அந்த ஐயா இருபது ரூபாய்த் தாள் ஒன்றைக் கிண்ணத்தில் போட்டார். இன்றைக்கு ஒரு பிளேன்ரீகூட வாங்க முடியாத காசு அது. அந்தக் காசுக்காக ஒரு தாய் தன் மகனின் சாவை நடுவாசலில் சொல்ல வேண்டியிருந்தது. புனித கிறிசோஸ்தோம் லாசரைப் பற்றிய மறையுரையில் கண்டித்தது இந்த விசாரணையைத்தான். வறியவனுக்கு அவனுடைய தேவை ஒன்றே போதிய சிபாரிசு, அதற்கு மேல் எதையும் கேளாதே என்பது அவருடைய நிலை.

பட்டியல் இல்லாமல் நிவாரணம் இல்லை என்பது சுனாமிக்குப் பின் இந்தக் கரையோரத்தில் வேலை செய்த எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் வராதவர் எப்போதும் இருப்பார் என்பதும் தெரியும். அடையாள அட்டை தொலைத்தவர், பதிவில்லாமல் வாடகை அறையில் கிடப்பவர், கிராம உத்தியோகத்தரின் கையெழுத்துக் கிடைக்காதவர். 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது மேன்முறையீடுகள் குவிந்ததை நாம் பார்த்தோம். எந்தப் பட்டியலிலும் இல்லாதவர்தான் கடைசியில் வாசலுக்கு வருகிறார். அவரைத் திரும்பவும் உண்டியலின் பட்டியலுக்கு அனுப்புவது எந்த விதத்தில் நியாயம்?

இப்போது நான் மிகவும் சொல்ல விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். இந்தத் தீவின் கத்தோலிக்கத் திருச்சபை இன்று இருப்பதே ஒரு பிச்சைக்காரனுக்குக் கதவு திறந்ததால்தான். புனித யோசப் வாஸ் அடிகளார் 1687இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த வரலாற்றை மறைபரப்பு வரலாறாக மட்டும் வாசித்துவிட்டோம். 2015 ஜனவரியில் புனிதர் பட்டம் கிடைத்தபோது எத்தனையோ மலர்கள் வெளிவந்தன. தர்மம் பற்றிய இறையியலுக்கு அந்த வரலாறு ஓர் ஆதாரம் என்று அவற்றில் ஒருவரும் எழுதியதாக நான் காணவில்லை.

ஒல்லாந்தர் 1658இலேயே கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று ஆணை போட்டிருந்தார்கள். அந்த ஆட்சிக்குள் கோவாக் குரு ஒருவர் கூலிக்காரனைப் போல உடுத்திக்கொண்டு, யோவான் என்ற துணையாளோடு நுழைந்தார். வந்த இடத்தில் இருவரும் வயிற்றோட்டத்தால் விழுந்தார்கள். நோய்க்குப் பயந்து ஊர் ஒதுக்கிய நேரத்தில் ஒரு பெண் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றினாள் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவளுடைய பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுந்து நடமாடத் தொடங்கியதும் அடிகளார் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டதும் எந்த முகம் மாறுகிறது என்று பார்த்து, மறைந்திருந்த கத்தோலிக்கரை அடையாளம் கண்டார். பிறகு சில்லாலைக் கிராமம் அவருடைய தளமாயிற்று.

நம் விசாரணை விதிகளை இந்தப் பிச்சைக்காரரிடம் பிரயோகித்துப் பாருங்கள். முப்பத்தாறு வயது, உழைக்கக்கூடிய உடல். கற்றவர். ஊர் பேர் சொல்ல மாட்டார். வேடம் போட்டிருக்கிறார். இவருக்குக் கொடுத்தால் கொடுத்தவரின் தலை போகலாம். தகுதியற்றவர் என்று நாம் எழுதி வைத்திருக்கும் அத்தனை அடையாளமும் அவரிடம் இருந்தன. பிரித்தானியர் 1841இல் கொண்டுவந்த அலைந்து திரிவோர் கட்டளைச்சட்டம், பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய இடத்தில் நேர்த்திக்கடன் தீர்க்கும் குருமாருக்கும் யாத்திரிகருக்கும் விலக்கு அளித்தது. அது அவர் காலத்தில் இருந்திருந்தாலும் அடிகளார் அந்த விலக்கைக் கேட்டிருக்க முடியாது. குரு என்று வாய் திறந்தால் கதை முடிந்தது.

அவர் கேட்டது காசுக்காக அல்லவே, மந்தையைத் தேடித்தானே என்று ஒரு நண்பர் என்னிடம் மறுத்தார். அது அடிகளாரின் மனதில் இருந்தது. கதவைத் திறந்தவர்களுக்கு அது தெரியாது. கொடுத்தவரின் செயலை அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு மனிதன் வந்து கேட்டான் என்பது மட்டும்.

நம் தமிழ் மரபிலும் இதற்குச் சாட்சி உண்டு. வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும் இரவச்சம் என்று இன்னொன்றும் அடுத்தடுத்து வைத்தார். கேட்பதன் துயரத்தை அவரைப்போலச் சொன்னவர் குறைவு. ஆனால் அந்த அதிகாரங்களில் கடுமையான பழி, இருந்தும் ஒளிப்பவர்மேல்தான் விழுகிறது. பொருட்பாலை இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் இந்த இருபது குறள்களையும் கடந்துதான் போயிருப்பார். நம் குருமடங்களிலும் அவற்றை மலைப்பொழிவோடு சேர்த்து வாசித்தால் நல்லது.

எதிர்வாதங்களில் உண்மையானவை இரண்டு. போதைக்கு அடிமையானவரிடம் காசு கொடுப்பது அவரைக் கொல்வதாகாதா? சிறுவர்களை வைத்துப் பிச்சை எடுப்பிப்பவர்களை வளர்ப்பதாகாதா? இரண்டும் கனமான கேள்விகள், நான் தட்டிக்கழிக்கவில்லை. அழகுவாயிலில் பேதுருவிடம் காசுதான் கேட்கப்பட்டது. அவரிடம் அது இல்லை. ஆனாலும் எங்களைப் பார் என்று நின்று, கையைப் பிடித்துத் தூக்கினார். கேட்டது கொடுக்கப்படாமல் போகலாம், கேட்டவர் ஒதுக்கப்படக்கூடாது. போதையில் தள்ளாடுபவரைக் கடைக்குக் கூட்டிப்போய்ச் சோறு வாங்கிக் கொடுக்கலாம். பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு அறிவிக்க வேண்டும். இந்த இரண்டு நிலைமைகளைக் காட்டி, வாசலில் நிற்கும் அந்த வயதான அம்மாவுக்கும் கையை மூடச் சொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன். 1545இல் ஸ்பெயினில் தொமிங்கோ தெ சோத்தோ வாதாடியதும் இதுவே: போலிகளைக் களைகிறோம் என்று உண்மையான வறியவரைத் தண்டிக்கக்கூடாது. 2017இல் மிலான் நகரின் தெருப் பத்திரிகை ஒன்றுக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் சொன்னதும் அந்த வழியில்தான். கொடுப்பது எப்போதும் சரியே, கொடுக்கும்போது கண்ணைப் பாருங்கள், கையைத் தொடுங்கள் என்றார்.

ஆகவே அவைக்கு என் வேண்டுகோள். அறிக்கை வரைவிலிருந்து அந்த வாக்கியத்தை நீக்குங்கள். உண்டியலில் போடுங்கள் என்று சொல்லலாம், அது நல்லது. வாசலில் கொடுக்க வேண்டாம் என்று திருச்சபையின் பெயரால் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. மறுப்பு உள்ளவர்கள் நாளைய கலந்துரையாடலில் ஆதாரங்களோடு எழுந்து பேசுங்கள். நான் பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.