சமணமலையில் ஒரு தாயின் பெயர்



மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடி என்னும் சிற்றூரை அடுத்து நீண்டு கிடப்பது சமணமலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரம், அய்யனார் கோயில். வந்தவாசி, ஆரணிப் பக்கங்களிலிருந்து அங்குச் செல்லும் நம் குடும்பத்தார்க்கு முதலில் மனத்தில் உறைப்பது, அவ்வூரில் வரவேற்க ஒரு சமண வீடும் இல்லை என்பதே.

மலையின் தென்மேற்குச் சரிவிலுள்ள குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர். புடவு என்றால் குகை. வாயிலின் ஒருபுறம் பெரிய திருமேனியாக வீற்றிருக்கும் தீர்த்தங்கரரை ஊரார் செட்டியார் என்றே அழைத்து வந்தனர். இதைக் கேட்டு நகைப்பாரும் உளர். நகைக்க என்ன இருக்கிறது? பெயர் மறந்த பின்னரும் அவரை ஒரு பெரியவராக அவர்கள் மதித்தார்களே!

குகையின் உட்புறம், குடைவான மேற்பாறையில் ஐந்து சிற்பங்கள் உள்ளன. முதலாவதில் சிங்கத்தின் மீதமர்ந்த இயக்கி ஒருத்தி, யானைமேல் வரும் வீரனை நோக்கி வில்லை வளைக்கிறாள். அத்தனை விசையும் சீற்றமும் அச்சிறு இடத்தில்! அதையடுத்து முக்குடையின்கீழ் மூன்று தீர்த்தங்கரர்கள் சற்றும் அசைவின்றி அமர்ந்துள்ளனர். போரையும் அமைதியையும் அருகருகே வைத்த சிற்பி, நம் சமய நூல்களைக் கேட்டறிந்தவனாகவே இருத்தல் வேண்டும். இறுதியில் மற்றோர் இயக்கி. கீழே வட்டெழுத்தில் குரண்டித் திருக்காட்டாம்பள்ளியின் பெயர் காணப்படுகிறது. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இடம்பெறும் பெரும்பள்ளி அது.

மலையின் மற்றொரு பக்கத்தில், சுனையருகே, பேச்சிப்பள்ளம். பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் எட்டுத் திருமேனிகள் வரிசையாக நிற்கும். பார்சுவநாதரும் பாகுபலியும் அவ்வரிசையில் உள்ளனர். காலம் 9, 10ஆம் நூற்றாண்டுகள்.

அவற்றுள் ஒன்றின் கீழ், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று பொறிக்கப்பட்டுள்ளது. அச்சணந்தி சிறிய துறவியல்லர். ஆனைமலை, அழகர்மலை, தெற்கே சிதறால் எனப் பல குன்றுகளில் அவர் பெயர் உண்டு. தீட்சை பெற்றார்க்குத் தாயுமில்லை, சுற்றமுமில்லை என்பது மரபு. ஆயினும், மகன் துறந்த உறவைக் கல் துறக்கவில்லை. தாயார் என்ற சொல்லை அங்கே பொறிக்க அன்றைய பள்ளியும் தடை சொல்லவில்லை. பிள்ளையைத் துறவுக்குத் தந்த வீடுகள் நம்மிடையே உண்டு. அவ்வீட்டுத் தாய்மார் அவ்வரியைப் படித்தால், எவரும் உரை சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். பக்தி மிகுதியால் திருமேனிகளில் எண்ணெயும் சந்தனமும் பூசுவோர் உளர். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்தால் எழுத்தின் பள்ளம் அடைபடும். குணமதியாரின் பெயரே மறையும். கைகூப்பினால் போதும். குழந்தைகளை அழைத்துச் செல்வோர் வெயில் ஏறுமுன் மலையேறுக. சாய்ந்து விழும் இளவெயிலில்தான் வட்டெழுத்து நன்கு புலப்படும்.