சர்வகலாசாலைப் பட்டமும் விளையாட்டு வீரரும்



விளையாட்டிற் புகழெய்தியோர்க்குச் சர்வகலாசாலைகள் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தல் தகுமா என்பதே இன்று நாம் ஆராயப் புகுந்த பொருள்.

2017ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்துப் பேசல் சர்வகலாசாலை, அந்நகரிற் பிறந்த டென்னிஸ் வீரர் ரோஜர் பெடரருக்கு இப்பட்டத்தை வழங்கியது. ஆப்பிரிக்கச் சிறுவர் கல்விக்கு உதவும் அறநிலையம் ஒன்றை நிறுவியவர் அவர். அதே ஆண்டில் பெங்களூர்ச் சர்வகலாசாலை அளிக்க முன்வந்த பட்டத்தை, கிரிக்கெட் வீரர் ராகுல் திராவிட் நன்றியோடு மறுத்து, விளையாட்டுத் துறையில் ஆராய்ச்சி செய்தே அதனைப் பெற விரும்புவதாகத் தெரிவித்தார்.

வீரரைப் போற்றுதல் நம் கடனே. அவர்தம் பயிற்சியும் ஒரு தவமே. அத்தவத்தைச் சிறப்பித்தற்கென்றே 1961 முதல் அர்ஜுனா விருது உளது. டாக்டர் பட்டமோ கல்வித் தவத்திற்கு உரியது. கல்விக்கு அறஞ்செய்தார்க்கு அதனை அளிப்பின் ஒருவாறு பொருந்தும். வெற்றி ஒன்றே கருதி அளிப்பின், நம் சங்கத்தின் உபகாரச் சம்பளம் பெற்று இரவெல்லாம் விழித்துப் படிக்கும் ஏழைப் பிள்ளை என்ன நினைப்பான்?

ஆதலின், சர்வகலாசாலைகள் வீரர்க்குப் பதக்கமும் பாராட்டும் நல்குக. விளையாட்டை ஆராய விரும்பும் வீரர்க்குத் தம் வாயிலையும் திறந்து வைக்க. நம் சிறுவர்க்கு நாம் கூறுவது இதுவே: களத்தில் ஆடி வெல்லுங்கள், பட்டம் வேண்டின் படித்துப் பெறுங்கள்.