ஏழு துண்டும் ஏழு சீரும்

1989இல் வெளிவந்த 'கேம் போய்' என்னும் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு, உற்பத்தி நின்று பல்லாண்டு கழிந்த பின்னும், சிலர் வீட்டிலிருந்தே புதிய விளையாட்டுகளை ஆக்கி வருகின்றனர். விழும் துண்டுகளை இடைவெளியின்றி அடுக்குவது அவற்றுள் ஒருவகை. 1980களில் மொஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் ஆக்கிய டெட்ரிஸே இதற்கு மூலம்.

நான்கு சதுரங்களாலான ஏழு வடிவங்கள், 160க்கு 144 புள்ளித் திரை, நான்கே சாயல்கள், 8 கிலோபைற் வேலை நினைவகம். இதற்குள் எழுதுபவர் ஒவ்வொரு பைற்றையும் எண்ணியே செலவிடுகிறார். ஏழு சீரில் குறள் வெண்பா யாப்பவரும் அவ்வாறே. சொல் பிசகினால் தளை தட்டும். துண்டு பிசகினால் வெற்றிடம் விழும்.

"இக்காலத்தில் யாப்பு எதற்கு, சேர்?" என்று மாணவர் கேட்பதுண்டு. சந்தை கைவிட்ட கருவிக்கு உழைக்கும் இவர்களையே நான் காட்டுகிறேன். எல்லைதான் இவர்களுக்குத் தேர்ந்தெடுக்கப் பழக்கியது. அப்பழக்கம் கைவந்தபின் புதுக்கவிதை எழுதுங்கள், மகிழ்ந்து படிப்பேன்.